லால்பாக்கில் நின்ற குச்சி யானைகளை எப்படிச் செய்தார்கள்?

2024-ல் பெங்களூரு லால்பாக்கில் பார்த்த யானைகள் மூங்கிலா பிரம்பா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமில்லை, உண்ணிச்செடி. ஊர்ப்பக்கம் வேலியோரம் கொத்துக்கொத்தாய்ப் பூக்குமே, அதேதான். அழகுக்கென்று வெள்ளைக்காரன் கொண்டுவந்தது, இன்று பந்திப்பூர், முதுமலைக் காடுகளில் புல் முளைக்க விடாமல் மண்டிக்கிடக்கிறது.

செய்தவர்கள் நீலகிரியின் கூடலூர்ப் பக்கத்துப் பணியர், பெட்டக்குறும்பர் போன்ற பழங்குடிகள். உள்ளே இரும்புக் கம்பிக் கூடு, நிஜ யானை அளவுக்கு. குச்சியைத் தண்ணீரில் கொதிக்கவிட்டால் பட்டை உரிந்துவரும், வளையவும் செய்யும். அந்தப் பதத்திலேயே கம்பிமேல் வளைத்து ஆணியடித்துவிட வேண்டும். காய்ந்தபின் வளைத்தால் படக்கென்று ஒடியும்.

நீங்கள் முயல்வதானால் பெங்களூரு சிவாஜிநகர் குஜரியில், அதாவது பழைய சாமான் சந்தையில், பழைய கம்பி கிடைக்கும். ஆனால் முதலில் யானை வேண்டாம், முள்ளம்பன்றி செய்யுங்கள். குச்சி துருத்திக்கொண்டு நின்றாலும் முள் என்று சொல்லிச் சமாளிக்கலாம்!