பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குள் எந்தத் தையல் மெஷின் வாங்கலாம்?

கேள்வி: வணக்கம் அக்கா. ஆறு மாதம் தையல் வகுப்புக்குப் போய் முடித்துவிட்டேன். பிளவுஸ், சுடிதார், பாவாடை சட்டை தைக்க வரும். முதலில் எனக்கும் என் இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் தைக்கத்தான் எண்ணம். கை பழகிவிட்டால் அக்கம்பக்கத்துக்கும் தைத்துக் கொடுக்கலாம். கையில் 12,000 ரூபாய் இருக்கிறது. கடையில் இருபதுக்கும் மேல் டிசைன் போடும் வெள்ளை மெஷினைக் காட்டுகிறார்கள். கொழுந்தனார் பழைய பவர் மெஷின் வாங்கச் சொல்கிறார். வகுப்பில் தைத்தது கறுப்பு மெஷின். எதை வாங்குவது? (திண்டிவனம் அருகிலிருந்து ஒரு வாசகி)

பதில்: வகுப்பில் தைத்த அதே கறுப்பு மெஷினை ஸ்டாண்டோடும் மோட்டாரோடும் வாங்குங்கள். இதுதான் என் பதில். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காரணம் தெரியாமல் கடைக்குப் போனால், வெள்ளை மெஷினில் பூ டிசைன் ஓடுவதைப் பார்த்ததும் மனசு மாறிவிடும்.

நீங்கள் கடைசியாகத் தைத்த பிளவுஸை எடுத்து உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். டாட், தோள், பக்கம், கை ஏற்றிய இடம், கொக்கிப் பட்டி, கழுத்து பைப்பிங், எல்லாமே நேர்த்தையல்தான். சுடிதாரும் அப்படித்தான், பாவாடையும் அப்படித்தான். உடை தைக்கிறவருக்கு மெஷின் செய்ய வேண்டிய வேலை, மெல்லிய துணியிலும் தடித்த மடிப்பிலும் ஒரே சீராக நேர்த்தையல் போடுவது. அந்த ஒரு வேலையை 12,000 ரூபாய்க்குள் மிக நன்றாகச் செய்வது கறுப்பு மெஷின்.

வெள்ளை மெஷின் மட்டமானது என்று சொல்ல வரவில்லை. வித்தியாசம் எங்கே இருக்கிறது என்றால், ஊசி இறங்கும் தட்டில். கறுப்பு மெஷினின் தட்டில் இருப்பது சின்ன வட்டத் துளை. ஊசியைச் சுற்றித் துணிக்கு எல்லாப் பக்கமும் தாங்கல் கிடைக்கிறது. வெள்ளை மெஷின் என்பது வளைந்து வளைந்தும் தைக்கும் ஜிக்ஜாக் மெஷின். அதில் ஊசி இடமும் வலமுமாக ஆட வேண்டும் என்பதால், அந்தத் தட்டில் குறுக்கே நீளமான பிளவு விட்டிருப்பார்கள். தடித்த காட்டன் துணிக்கு இது ஒன்றும் செய்யாது. ஜார்ஜெட், ஷிஃபான், மெல்லிய பட்டு மாதிரித் துணியை வைத்தால், ஊசி இறங்கும்போது துணியையும் அந்தப் பிளவுக்குள் தள்ளிவிடும். ஆரம்பத் தையலிலேயே துணி உள்ளே போய் நூலோடு சிக்கிக்கொள்ளும். சிக்காவிட்டாலும் தையல் கொஞ்சம் சுருங்கியே வரும்.

எனக்கு இது கைக்காசு செலவழித்துத் தெரிந்த விஷயம். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு கடையில் விறைப்பான, கனமான துணியில் வரிசையாக டிசைன் போட்டுக் காட்டினார்கள். அந்தத் துணியில் எந்த மெஷினும் அழகாகத்தான் தைக்கும். வீட்டுக்கு வந்து என் தங்கையின் ஜார்ஜெட் பிளவுஸை வைத்தேன். கழுத்துப் பக்கம் துணி பிளவுக்குள் போய் மாட்டிக்கொண்டது. கத்தரியால் நூலை அறுத்து வெளியே எடுத்தபோது துணியில் பொத்தல் விழுந்திருந்தது. அந்த மெஷினில் இருந்த டிசைன்களில் நான் அப்புறம் பயன்படுத்தியது ஜிக்ஜாக்கையும் காஜாவையும் மட்டும்தான். ஏற்கெனவே ஜிக்ஜாக் மெஷின் வாங்கிவிட்டவர்கள் கவலைப்பட வேண்டாம். வட்டத் துளை உள்ள நேர்த்தையல் தட்டு சில மாடல்களுக்குத் தனியாகக் கிடைக்கும், கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால், மெல்லிய துணி தைக்கும்போது அடியில் ஒரு காகிதத் துண்டை வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்து எடுத்துவிடலாம்.

ஜிக்ஜாக் யாருக்கு நல்லது? டி-ஷர்ட், லெக்கிங்ஸ் மாதிரி இழுபடும் துணி அதிகம் தைப்பவர்களுக்கு. அதில் நேர்த்தையல் போட்டால், துணி இழுபடும்போது நூல் அறுந்துவிடும். சட்டைக்கு வீட்டிலேயே காஜா எடுக்க வேண்டும் என்பவர்களுக்கும், வாடகை வீட்டில் இடமில்லாமல் தைத்து முடித்ததும் அலமாரியில் எடுத்து வைக்க வேண்டியவர்களுக்கும் அது பொருந்தும். நீங்கள் எழுதியதில் இந்த மூன்றுமே இல்லை. ஓரம் பிரியாமல் இருக்க ஜிக்ஜாக் வேண்டாமா என்று கேட்பீர்கள். டவுனில் ஓவர்லாக்கும் பீக்கோவும் போட்டுத் தரும் கடையில் பிளவுஸுக்கு இவ்வளவு என்று சின்னத் தொகைக்குப் போட்டுத் தருகிறார்கள். வாரத்துக்குப் பத்து உருப்படி வர ஆரம்பித்த பிறகு, சம்பாதித்த காசில் ஒரு சின்ன ஓவர்லாக் மெஷின் வாங்கிக்கொள்ளுங்கள்.

கொழுந்தனார் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. பவர் மெஷின் தையல் அவ்வளவு திருத்தமாக இருக்கும். கார்மென்ட் கம்பெனிகள் மெஷின் மாற்றும்போது பழையவை சந்தைக்கு வருகின்றன, நல்லதும் அகப்படும். ஆனால் அது நிமிடத்துக்கு நாலாயிரம் தையலுக்கு மேல் ஓடக்கூடியது. ஆறு மாதம் பழகிய கைக்கு, கழுத்து வளைவில் அந்த வேகம் பிடிபடாது. பழைய பவர் மெஷின்களில் பெரும்பாலும் கிளட்ச் மோட்டார்தான் இருக்கும். ஸ்விட்ச் போட்டுவிட்டால் நீங்கள் தைத்தாலும் தைக்காவிட்டாலும் அது இரைந்துகொண்டே ஓடும், கரண்டும் ஓடும். சர்வோ மோட்டார் போட்டதென்றால் மிதிக்கும்போது மட்டும் ஓடும், வேகத்தையும் குறைத்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதோடு சேர்த்து வாங்க உங்கள் பட்ஜெட் போதாது. மேஜையோடு சேர்ந்த கனத்தில், வைத்த இடத்தை விட்டு நகர்த்தவும் முடியாது. தையலே தொழில் என்று ஆகும்போது வாங்க வேண்டியது அது. அன்றைக்குக் கொழுந்தனாரையே கூட்டிக்கொண்டு போங்கள்.

ஆன்லைனில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு மெஷின் வருகிறதே, அந்தப் பக்கமே போக வேண்டாம். லைனிங் வைத்த பிளவுஸை அதனால் நகர்த்தவே முடியாது.

சரி, கறுப்பு மெஷினிலேயே எந்தக் கம்பெனி? உஷா, சிங்கர், சிங்கருடைய மெரிட், அப்புறம் லூதியானாவில் செய்து வரும் பல பெயர்கள். இவற்றில் பெரும்பாலானவை, நூறு வருஷத்துக்கு மேல் புழக்கத்தில் இருக்கும் சிங்கரின் பழைய ஒரே வடிவத்தை ஒட்டிச் செய்தவை. அதனால்தான் ஒன்றின் பாபினும் (அடி நூல் சுற்றும் உருளை) அதை மாட்டும் பாபின் கேஸும் பெரும்பாலும் இன்னொன்றுக்குப் பொருந்துகின்றன, சின்ன ஊரிலும் அவை கிடைக்கின்றன. பெயரைவிட நான் முக்கியமாக நினைப்பது, உங்கள் ஊர் மெக்கானிக் எந்த மெஷினைக் கழற்றி மாட்டுவார் என்பது. கடைக்குப் போகும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எதற்கு உதிரி பாகம் கிடைக்கிறது, எது அடிக்கடி அவரிடம் வருகிறது என்று அவர் சொல்லிவிடுவார். ரிவர்ஸ் தையல் இல்லாத பழைய மாடலை மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒவ்வொரு தையலின் தொடக்கத்திலும் முடிவிலும் லாக் போட அது வேண்டும்.

கடைக்குப் போகும்போது ஒரு பையில் உங்கள் துணிகளையே எடுத்துப் போங்கள். ரூபியா (பிளவுஸ் துணி) துண்டு, லைனிங் துண்டு, ஜார்ஜெட் அல்லது பழைய சிந்தெடிக் புடவையில் கிழித்த ஒரு துண்டு, கோடு போட்ட நோட்டிலிருந்து இரண்டு தாள். சிவப்பில் ஒன்று, நீலத்தில் ஒன்று என்று இரண்டு நூல் கண்டும் வேண்டும்.

முதலில் நூலே கோக்காமல் கை சக்கரத்தை மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்கேயும் பிடிக்கக் கூடாது. ஊசி துளையின் நடுவில் இறங்குகிறதா என்று குனிந்து பாருங்கள். அப்புறம் நோட்டுத் தாளை வைத்து துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டை இறக்கி, ஒரு கோட்டின் மேல் ஊசியை வைத்து, தாளைக் கையால் இழுக்காமல் ஓட்டுங்கள். துளைகள் கோட்டின் மேலேயே, ஒரே இடைவெளியில் போக வேண்டும். நாலு அங்குலத்துக்குள் கோட்டை விட்டு விலகினால், துணியைத் தள்ளும் பல்லோ ஃபுட்டோ நேராக உட்காரவில்லை என்று அர்த்தம். அதே தாளில் ரிவர்ஸ் போட்டு, ஊசி பழைய துளைகளுக்குப் பக்கத்திலேயே திரும்பி வருகிறதா என்றும் பாருங்கள்.

இப்போது மேலே சிவப்பு, பாபினில் நீலம். ரூபியாவை இரண்டாக மடித்து ஒரு அடி நீளத்துக்குத் தையுங்கள். மேல்பக்கம் சிவப்பு மட்டும், அடியில் நீலம் மட்டும் தெரிய வேண்டும். மேலே நீலப் புள்ளிகள் எட்டிப் பார்த்தால் மேல் டென்ஷன் இறுக்கம். அடியில் சிவப்பு தொங்கினால் மேல் நூல் தளர்ச்சி, அல்லது நூல் சரியாகக் கோக்கவில்லை. டென்ஷன் திருகைக் கொஞ்சம் திருப்பினால் இது சரியாகிவிட வேண்டும். எப்படித் திருகியும் சரியாகவில்லை என்றால் அந்த மெஷினை விட்டுவிட்டு அடுத்ததைக் கேளுங்கள். அடுத்து ஜார்ஜெட்டில் தையுங்கள், இதுதான் பெரிய பரீட்சை. கடைக்காரர் மெஷினில் மாட்டியிருப்பது பெரும்பாலும் 16-ஆம் நம்பர் ஊசி, மெல்லிய துணிக்கு அது தடிமன். 11-ஆம் நம்பர் ஊசியை மாட்டித் தரச் சொல்லிவிட்டுத் தைத்துப் பாருங்கள். கடைசியாக, ரூபியாவையும் லைனிங்கையும் சேர்த்து எட்டு மடிப்பு வையுங்கள், இதற்குப் பழையபடி 16-ஆம் நம்பர் ஊசி இருக்கட்டும். பிளவுஸில் அக்குள் பக்கம் கையும் உடம்பும் சேரும் இடத்தில் அவ்வளவு மடிப்பு வரும். அதன் மேல் ஏறி இறங்கும்போது மெஷின் நிற்காமல், தையல் தாண்டாமல் போக வேண்டும்.

மோட்டாரைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ரெகுலேட்டரை லேசாக மிதித்தால் மெஷின் ஒவ்வொரு தையலாக நகர வேண்டும். கொஞ்ச நேரம் 'ம்ம்' என்று முனகிவிட்டுத் திடீரென்று பாய்ந்தால் ரெகுலேட்டரை மாற்றித் தரச் சொல்லுங்கள். மோட்டார் இருந்தாலும் கால் மிதியோடு கூடிய ஸ்டாண்டே வாங்குங்கள். கரண்ட் போன நேரத்தில் தோல் பெல்ட்டை மாட்டி மிதித்துக்கொள்ளலாம். தோல் பெல்ட் நாளாக ஆக நீளும், மிதித்தால் சக்கரம் வழுக்கும். அப்போது அரை அங்குலம் வெட்டிக் கொக்கியை மாட்டிவிட்டால் போதும்.

பணக் கணக்குக்கு வருவோம். விலை ஊருக்கு ஊர் மாறும். மெஷின், பலகை, ஸ்டாண்ட் சேர்த்து ஏறக்குறைய 8,000 முதல் 9,500 ரூபாய், மோட்டாருக்கு 1,500 முதல் 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தை டிசைனில் போடாமல் ஒரு நல்ல துணி கத்தரியில் போடுங்கள். அதை வைத்துக் காகிதம் வெட்ட வீட்டில் யாரையும் விடாதீர்கள். பாபின் ஐந்தாறு, கூடுதலாக ஒரு பாபின் கேஸ், 11, 14, 16 நம்பர் ஊசிகள் வாங்கிக்கொள்ளுங்கள். பட்டுக்கும் மெல்லிய சிந்தெடிக்குக்கும் 11, ரூபியா, காட்டன் சுடிதாருக்கு 14, தடித்த துணிக்கு 16. ஊசி மழுங்கினால் தைக்கும்போது 'டொக் டொக்' என்று சத்தம் வரும், துணியில் இழை இழுபடும். மெஷினைக் குறை சொல்வதற்கு முன் ஊசியை மாற்றுங்கள். என்னிடம் ரிப்பேர் என்று வந்தவர்களில் பலருக்கு நான் செய்தது அவ்வளவுதான்.

பணம் கட்டும் முன் இன்னொன்று. தமிழக அரசின் சமூகநலத் துறையில் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவச தையல் இயந்திரம் வழங்கும் திட்டம் இருக்கிறது. கணவரை இழந்தவர்கள், கணவரால் கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள், வறிய குடும்பத்துப் பெண்கள் ஆகியோருக்கானது. வயது, வருமான வரம்பு உண்டு, தையல் படித்ததற்கான சான்றிதழும் கேட்பார்கள். உங்களுக்கோ உங்களோடு படித்த யாருக்கோ பொருந்துமா என்று மாவட்ட சமூகநல அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள்.

மெஷின் வீட்டுக்கு வந்த அன்றைக்கே தைக்க உட்கார வேண்டாம். ஸ்டாண்டின் நட்டுகளை எல்லாம் ஒருமுறை இறுக்குங்கள். நாலு காலும் தரையில் படிகிறதா என்று ஆட்டிப் பாருங்கள், ஆடினால் தையலும் ஆடும். ஒவ்வொரு எண்ணெய்த் துளையிலும் இரண்டு சொட்டு மெஷின் ஆயில் விடுங்கள். தேங்காய் எண்ணெயை மட்டும் விட்டுவிடாதீர்கள், சில மாதத்தில் பிசின் மாதிரி உறைந்து மெஷின் இறுகிவிடும். பழைய மெஷினில் யாராவது அப்படி விட்டிருந்தால், துளைகளில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு ஓட்டி, துடைத்துவிட்டு, அப்புறம் மெஷின் ஆயில் விட வேண்டும். எண்ணெய் விட்டதும் நூலில்லாமல் இரண்டு நிமிடம் ஓட்டி, ஃபுட்டுக்கு அடியில் மடித்த பழைய வேட்டித் துணியை வைத்து ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிடுங்கள். காலையில் ஊசிக் கம்பியையும் தட்டையும் துடைத்து, ஒரு வெள்ளைத் துண்டில் தைத்துப் பாருங்கள். எண்ணெய்க் கறை வந்தால் இன்னொரு துண்டில் தையுங்கள். துண்டு சுத்தமாக வெளியே வந்த பிறகு பிள்ளைகளின் பாவாடைத் துணியை எடுத்து வைக்கலாம்.