பால்பல் விழுவதற்குள் பின்னால் முளைத்த புதுப்பல்: பிடுங்க வேண்டுமா?

கேள்வி: என் மகளுக்கு ஆறரை வயது. கீழ்வரிசையின் நடுப்பல் ஒன்று பத்து நாட்களாக ஆடுகிறது. அது விழுவதற்கு முன்பே, நாக்குப் பக்கமாகப் புதுப்பல் முளைத்துவிட்டது. பள்ளியில் நடந்த பல் முகாமில், உடனே பிடுங்காவிட்டால் தெற்றுப்பல் ஆகிவிடும், பிறகு கம்பி கட்ட வேண்டியிருக்கும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். விழும் பல்லை ஸ்டெம் செல் வங்கியில் சேமிக்கலாம் என்று ஒரு துண்டறிக்கையும் உடன் வந்தது. என் மாமியாரோ நூல் கட்டி இழுத்துவிடலாம் என்கிறார். நான் எதைச் செய்வது?

பதில்: மூன்றில் எதையும் செய்ய வேண்டாம். ஆடத் தொடங்கிய பால்பல் தானாகவே விழும்.

கீழ் நடுப்பற்கள் ஆறு, ஏழு வயதில் விழுவது இயல்பு. அவற்றின் இடத்துக்கு வரவேண்டிய நிலைப்பற்கள் தாடைக்குள் பால்பல்லின் வேருக்குச் சற்றுப் பின்னால்தான் உருவாகின்றன. மேலே எழும்பி வரும்போது பால்பல்லின் வேர் கொஞ்சங் கொஞ்சமாகக் கரைய வேண்டும். சில குழந்தைகளுக்கு வேர் முழுதும் கரைவதற்குள் புதுப்பல் பின்பக்கமாக ஈற்றைத் திறந்துகொண்டு வந்துவிடுகிறது. என்னிடம் வரும் ஆறு வயதுக் குழந்தைகளிடம் நான் அடிக்கடி பார்ப்பது இதைத்தான். பால்பல் விழுந்த பிறகு, தாடையில் இடம் இருந்தால், நாக்கு பேசும்போதும் விழுங்கும்போதும் தள்ளித் தள்ளியே புதுப்பல்லை வரிசைக்குக் கொண்டுவந்துவிடும்.

நூல் கட்டி இழுப்பதில் என்ன தவறு என்று உங்கள் மாமியார் கேட்கக்கூடும். வேர் ஒரு பக்கம் கரைந்தும் மறுபக்கம் பிடித்துக்கொண்டும் இருக்கலாம் என்பதால், இழுத்தால் ஈறு கிழிந்து வலிக்கும். அந்தப் பயத்தில் குழந்தை அடுத்த பல் ஆடுவதைச் சொல்லாமலே மறைத்துவிடும். மகளே நாவாலும் கழுவிய விரலாலும் ஆட்டிக்கொள்ளட்டும். கொய்யாவைக் கடிக்கக் கொடுங்கள். பல் விழுந்ததும் சுத்தமான துணியை மடித்துப் பத்து நிமிடம் கடித்துக்கொள்ளச் சொன்னால் இரத்தம் நின்றுவிடும்.

சென்ற மாதம் ஒரு தாய், விழுந்த பல்லைத் திருநீற்றுப் பொட்டலம் போல மடித்த காகிதத்தில் கொண்டுவந்து, வேர் உள்ளேயே முறிந்து தங்கிவிட்டதா என்று கேட்டார். பல்லைக் கவிழ்த்துக் காட்டினேன். அடிப்பக்கம் ஒரு சிறு கிண்ணம் போல குழிந்து, விளிம்பு அரித்ததுபோல் இருந்தது, நடுவில் சிவப்பாக ஒரு பொட்டு. வேர் கரைந்து போனதன் அடையாளம் அது. இதைக் காட்டப் பணம் எதுவும் தேவையில்லை. ஆனால் அந்தத் தாய் அதற்கு முன்பே வேறோர் இடத்தில், வேரைத் தேடுகிறோம் என்று எடுக்கப்பட்ட எக்ஸ்ரேவுக்குக் காசு கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

ஒரே ஒரு நிலையில் மட்டும் மருத்துவரிடம் போக வேண்டும். உங்கள் மகளின் பல் ஆடுவதால் அது உங்களுக்குப் பொருந்தாது என்றாலும், பலர் இதைக் குழப்பிக்கொள்வதால் விளக்கமாகச் சொல்கிறேன். பின்னால் புதுப்பல் பாதிக்கு மேல் எழும்பிவிட்டது, முன்னால் பால்பல் சிறிதும் அசையாமல் கல்லாக நிற்கிறது என்றால், இரண்டு மூன்று மாதம் பொறுத்துப் பாருங்கள். பொறுப்பதென்றால் மறந்துவிடுவது அல்ல: வாரம் ஒரு முறை, ஒரே நாளில், சுட்டுவிரலால் முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பாருங்கள். சென்ற வாரத்தைவிடச் சிறிதளவு கூடுதலாக அசைந்தாலும் வேர் கரைகிறது என்று பொருள், இன்னும் காத்திருக்கலாம். பல வாரமாகியும் மாற்றமே இல்லையென்றால் அப்போது அந்த ஒரு பால்பல்லை மட்டும் மரக்க ஊசி போட்டு எடுத்தால் போதும். அது சில நிமிட வேலை. அதற்காக வாய் முழுவதற்கும் எக்ஸ்ரே வேண்டும், பக்கத்துப் பற்களையும் சேர்த்து எடுக்க வேண்டும், இப்போதே கம்பிக்கு முன்பணம் கட்ட வேண்டும் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

கம்பியைப் பற்றி எழுதிக் கொடுத்ததுதான் எனக்குக் கோபம் வருகிற இடம். ஆறரை வயதுக் குழந்தையின் வாயில் பெரும்பாலும் பால்பற்களே இருக்கின்றன. பல் வரிசை கடைசியில் எப்படி அமையும் என்று இன்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஏழு முதல் பதினோரு வயதுவரை மேல் முன்பற்கள் விரிந்து, நடுவே சந்தோடு நிற்பதும் இயல்பே. கோரைப்பற்கள் இறங்கும்போது பல குழந்தைகளுக்கு அது தானாகவே நெருங்கிவிடும். 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்னும் மத்திய அரசின் குழந்தை நலத் திட்டத்தில் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிக் குழந்தைகளுக்குப் பல் பரிசோதனையும் உண்டு. தனியார் பள்ளிக் குழந்தைகள் அதற்குள் வருவதில்லை. அந்த இடத்தைத்தான் இலவச முகாம்கள் நிரப்புகின்றன. முகாம் நடத்துபவர் யார், எந்த மருத்துவமனைக்கு அனுப்புகிறார், அனுப்புவதற்கு அவருக்கு என்ன கிடைக்கிறது என்று பள்ளி நிர்வாகம் கேட்பதில்லை. கேட்க வைக்க வேண்டியவர்களும் கேட்க வைப்பதில்லை. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் நீங்கள் கேளுங்கள்.

ஸ்டெம் செல் துண்டறிக்கையைக் கிழித்துப் போடுங்கள். பால்பல்லின் உள்ளே இருக்கும் மென்மையான கூழில் ஸ்டெம் செல்கள், அதாவது வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்கள், இருப்பது உண்மை. 2003 முதல் ஆய்வாளர்கள் அதை அறிவார்கள். ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், தொப்புள்கொடி இரத்தத்தைத் தவிர வேறு எதையும் வணிகரீதியாகச் சேமிக்க அனுமதிக்கவில்லை. பிற்காலத்தில் குழந்தையின் நோயெல்லாம் தீரும் என்று தாயின் அன்பைக் காட்டித் தவணைத் தொகை கேட்கும் முகவருக்குக் கதவைத் திறக்காதீர்கள். விழுந்த பல்லை, மாமியார் விரும்பினால், வழக்கப்படி சாண உருண்டையில் வைத்துக் கூரைமேல் எறியட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் இதே வயதில் நடப்பது. இந்த வாரம் மகளுக்குப் பல் துலக்கும்போது கீழ்வரிசையின் கடைசிப் பல்லுக்குப் பின்னால் விரலை வைத்துப் பாருங்கள். எந்தப் பல்லும் விழாமலே அங்கே ஒரு பெரிய கடைவாய்ப்பல் முளைத்திருக்கலாம். அதையும் பால்பல் என்று நினைத்துப் பெற்றோர் சொத்தையாக விட்டுவிடுகிறார்கள். அது விழுந்து மறுபடி முளைக்கும் பல் அல்ல. தூரிகை அதன் மேற்பள்ளங்களுக்கு எட்டுகிறதா என்று, மகளுக்கு எட்டு வயது ஆகும்வரை, இரவில் நீங்களே பாருங்கள்.