சாமி கும்புடுறதுன்னா அமைதியா கண்ண மூடி கும்புட்டா போதாதா, திருவிழான்னு எதுக்கு இவ்ளோ ஆட்டம் பாட்டம்?

நான் மதுரக்காரன், அதனால இந்தக் கேள்விய எங்கிட்ட கேட்டா சித்திரைத் திருவிழாவுலதான் போய் நிக்கும், பொறுத்துக்கங்க.

எங்க அப்பத்தா வருசம் பூரா கோயில் பக்கமே போகாது. முட்டி வலி, அதோட வரிசையில நிக்க அதுக்குப் பிடிக்காது. ஆனா சித்திரை வந்துட்டா போதும், ஒரு வாரம் முன்னாடியே பித்தளைச் சொம்ப புளி போட்டு தேய்ச்சு வெச்சிரும். அழகர்கோயில் மலையிலருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல, கள்ளர் வேசம் போட்டு கைல வளரியோட (வளைஞ்ச எறியுற ஆயுதம்) கிளம்பி, வழிநெடுக நூத்துக்கணக்கான மண்டகப்படியில (சாமி நின்னு பூசை வாங்குற பந்தல், மண்டபம்) நின்னு நின்னு வர்றாரு அழகர், அதான் அழகர்கோயில் பெருமாள். புதூர் பக்கம் எதிர்சேவைக்கு, அதாவது ஊருக்குள்ள வர்றவர எதிர போய் வரவேற்க, நாங்க போயிருவோம். சொம்பு நெறைய சர்க்கரை, வாய்ல வாழை இலைய கட்டி அதுமேல கற்பூரம். பல்லக்கு தெரிஞ்சதும் கோவிந்தான்னு அது கத்துற கத்து இருக்கே, வீட்ல டிவி சத்தம் கூடுனாலே திட்டுற பொம்பளையா இதுன்னு இருக்கும்.

நாம சாமியத் தேடிப் போனா பயபக்தியா நிப்போம், சரி. ஆனா சாமியே நம்ம தெருவுக்கு வந்தா? சொந்தக்காரவுக ஊர்லருந்து வந்தா வாசல்ல நின்னு கண்ண மூடிக்கிட்டா இருப்போம்? அதான் இங்க ஆட்டம் பாட்டம்னு தனியா ஒண்ணு கெடையாது, அந்தச் சத்தம்தான் அவுக கும்புடுற முறையே.

கருப்பசாமி வேசம் போட்டவுக தோல் பையில தண்ணி நெரப்பி, சின்ன குழாய் வழியா அழகர் மேல பீய்ச்சுவாக. சித்திரை வெயில்ல அம்புட்டு தூரம் நடந்து வர்றவருக்கு குளுகுளுன்னு இருக்கட்டுமேன்னுதான். விரதம் இருந்து செய்ற வேண்டுதல் அது, வெளாட்டு இல்ல, ஆனா பீய்ச்சுறவுக மூஞ்சியப் பாத்தா வெளாட்டுதான்! (இதுல பிரஷர் பம்ப் வெச்சு அடிக்கிறாய்ங்க சில பேரு, அது எனக்கு சுத்தமா பிடிக்காது.) அப்புறம் தல்லாகுளத்துல ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் மாலைய வாங்கிப் போட்டுக்கிட்டு, தங்கக் குதிரையில ஏறி சித்ரா பௌர்ணமி விடியக்காலைல வைகையில எறங்குவாரு. என்ன கலர் பட்டுன்னு ஊரே பாக்கும், பச்சைன்னா அந்த வருசம் வெவசாயம் செழிக்கும்னு நம்பிக்கை.

எல்லாம் நல்லதுன்னு சொல்ல மாட்டேன். 2022ல ஆத்துக்குள்ள நெரிசல்ல ரெண்டு பேரு செத்துப் போனாங்க. அதிலருந்து நான் ஆத்துக்குள்ள எறங்குறதில்ல, எதிர்சேவையோட சரி.

நீங்க கேக்குற அமைதியான பக்தியையும் நாங்க பாத்துட்டோம். 2020 கொரோனா வருசம் அழகர் ஆத்துக்கே வரல. அப்பத்தா மொட்டை மாடிக்கு ஏறி அழகர்கோயில் பக்கம் பாத்து சொம்புல கற்பூரம் ஏத்துச்சு. கோவிந்தான்னு சொல்லுச்சு, பக்கத்துல நின்ன எனக்கே சரியா கேக்கல. என்ன அப்பத்தா சத்தமே வரலன்னேன். ஒத்தையில எப்புடிடா கத்துறதுன்னுச்சு.

கற்பூரம் அணைஞ்சதும் அந்த சர்க்கரைய பக்கத்துல நிக்கிறவுகளுக்கு அள்ளி அள்ளிக் குடுக்கும் எப்பவும். அந்த வருசம் குடுக்க ஆளில்ல. ஒரு வாரத்துக்கு எங்க வீட்டு காப்பியில கற்பூர வாசம்தான்.