ரயில்வே கேட்டைச் சீக்கிரம் திறக்கப் பணம் கட்டலாமா?

கேள்வி: ஆரம்பாக்கத்துக்கு அருகே, ஆந்திர எல்லையை ஒட்டிய கிராமம் எங்களுடையது. எங்கள் ஊர் ரயில்வே கேட்டை ஒரு முறை மூடினால் சில நேரம் இருபது நிமிடம் ஆகிவிடுகிறது. போன மாதம் என் மாமியாருக்கு நெஞ்சுவலி. ஆட்டோவில் வைத்துக்கொண்டு காத்துக் கிடந்தோம். வண்டி கண்ணிலேயே படவில்லை. கெஞ்சியும் கேட் கீப்பர் திறக்கவில்லை. இப்போது ஒருவர் வீட்டுக்கு 1,500 ரூபாய் வசூலிக்கிறார். வண்டி வருவதற்கு ஒரு நிமிடம் முன்பு மட்டும் மூடும் ‘சென்சார் கேட்’ வாங்கித் தருவாராம். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள், அம்மா. கட்டியிருந்தால் இன்றே போய்த் திருப்பிக் கேளுங்கள். ரயில்வே சிக்னல் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கேட் எப்போது மூட வேண்டும் என்பதை எந்த இடைத்தரகராலும் மாற்ற முடியாது. மாற்ற முடிந்தால் அது அதைவிட ஆபத்து.

அன்று அந்தக் கேட் கீப்பர் மனம் இல்லாமல் மறுக்கவில்லை. அவரால் திறக்க முடியாது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்கள் கேட் இன்டர்லாக்கிங் செய்யப்பட்டது. அதாவது, கேட்டை மூடிப் பூட்டினால்தான் வண்டிக்குப் பச்சை விளக்கு எரியும். பச்சை எரிந்துவிட்டால் அந்தப் பூட்டைச் சிக்னல் பிடித்துக்கொள்ளும். வண்டி கடந்து போகும் வரை, அல்லது சிக்னலை மறுபடி சிவப்பாக்கும் வரை, விடாது. கீப்பர் கைப்பிடியை எவ்வளவு சுற்றினாலும் தடுப்புக் கம்பு மேலே எழாது.

வண்டி கண்ணில் படவில்லை என்கிறீர்கள். படாது. உங்கள் ஊர் வழியாகப் போகும் சென்னை–கூடூர் பாதையில் 2022-இல் வேகத்தை 130 கிலோமீட்டராக உயர்த்தினார்கள். நொடிக்கு 36 மீட்டர். அந்த வேகத்தில் வரும் வண்டியை, கேட்டைக் கண்ணால் பார்த்த பிறகு பிரேக் போட்டு நிறுத்த முடியாது. அதனால்தான் நிற்க வேண்டிய சிக்னலுக்கு இரண்டு கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டர் முன்பே எச்சரிக்கைச் சிக்னல்கள் நிற்கின்றன. அவற்றில் முதலாவது பச்சையாக இருக்க வேண்டுமானால் உங்கள் கேட் அதற்குள் பூட்டியிருக்க வேண்டும். கூட்ஸ் வண்டியாக இருந்தால் அந்த இரண்டு கிலோமீட்டரைக் கடக்கவே இரண்டரை நிமிடம் எடுக்கும். இறங்கும் கம்புக்கு அடியில் இரு சக்கர வாகனங்கள் நுழைந்துகொண்டே இருப்பதால் கீப்பர் இன்னும் முன்கூட்டியே மூடத் தொடங்க வேண்டும். ஒரு வண்டிக்கு ஐந்து நிமிடம் நியாயம். இருபது நிமிடம் என்றால் இரண்டு மூன்று வண்டிகள் அடுத்தடுத்து வருகின்றன என்று பொருள். டெல்லி, கொல்கத்தா எக்ஸ்பிரஸ்கள், சூளூர்ப்பேட்டை மின்வண்டி, சரக்கு வண்டிகள் எல்லாம் இதே தண்டவாளங்களில்தான் ஓடுகின்றன. முதல் வண்டி போய் முடிவதற்குள் எதிர்த் திசை வண்டிக்குச் சிக்னல் விழுந்துவிட்டால் பூட்டு விடாது.

எந்தச் சென்சாரைக் கொண்டுவந்தாலும் வண்டியை நிறுத்தத் தேவையான தூரம் குறையாது. ஆகவே ஒரு நிமிடம் முன்பு மட்டும் மூடும் கேட் இந்தப் பாதையில் இருக்கவே முடியாது. இதை எப்படிச் ‘செய்து தருவார்கள்’ என்பது எனக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், இரவுச் சோதனைக்காக ஒரு கேட்டுக்குப் போனேன். கம்பு மேலே நின்றது. சிக்னல் பச்சை. பூட்டையும் சிக்னலையும் இணைக்கும் மின் சுவிட்சுகள் உள்ள ரிலே பெட்டியைத் திறந்து பார்த்தால் இரண்டு முனைகளுக்கு நடுவே விரல் நீளக் கம்பித் துண்டு. ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரின் லாரிகள் காத்து நிற்கின்றன என்று யாரோ பணம் வாங்கிக்கொண்டு பூட்டை ஏமாற்றியிருந்தார். அந்தக் கம்பியைப் பிடுங்கும்போது என் கை நடுங்கியது. பத்து நிமிடத்தில் எக்ஸ்பிரஸ் ஒன்று கடந்தது.

சிறு கம்பிதானே என்று நினைக்காதீர்கள். 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் அருகே ரயில் விபத்தில் 290-க்கும் மேற்பட்டோர் இறந்தார்களே, அங்கேயும் ஒரு கேட்டின் மின்சாரத் தடுப்புக் கம்பை மாற்றும் வேலையில் சிக்னல் இணைப்புகளில் நடந்த தவறு காரணங்களில் ஒன்று என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை சொன்னது. 2025 ஜூலை 8 அன்று கடலூர் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது வண்டி மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அந்தக் கேட்டில் இந்தப் பூட்டே கிடையாது. தொலைபேசியில் சொல்லும் வார்த்தையை நம்பித்தான் வண்டி ஓடியது. உங்களை எரிச்சலூட்டும் பூட்டு அங்கே இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் இருந்திருப்பார்கள்.

உயிர் போகும் அவசரத்துக்கு ஒரு வழி உண்டு. இதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் மாமியாருக்கு மறுபடியும் தேவைப்படலாம். கேட் அறையில் ஸ்டேஷன் மாஸ்டரோடு பேசும் தொலைபேசி இருக்கிறது. நோயாளி இருக்கிறார் என்று ஒரே ஒருவர் மட்டும் போய் நிதானமாகச் சொல்ல வேண்டும். வண்டி இன்னும் தொலைவில் இருந்தால் சிக்னலைச் சிவப்புக்குத் திருப்பிப் பூட்டை விடுவிக்கலாம். வண்டி நெருங்கியிருந்தால், சிக்னல் சிவப்பான பிறகும் வழக்கமாக 120 நொடி கழித்துத்தான் பூட்டு விடும். பிரேக் போட முடியாத தூரத்துக்கு வந்துவிட்ட வண்டி அதற்குள் கடந்து போகட்டும் என்பதற்காக வைத்த காலம் அது. அந்த இரண்டு நிமிடத்தில் கீப்பரின் சட்டையைப் பிடிக்காதீர்கள். இன்னொன்று, சீல் வைத்த அவசரச் சாவி. வண்டி போன பிறகும் கருவிக் கோளாறால் கேட் திறக்காதபோது பயன்படுவது. ஒவ்வொரு முறையும் கணக்கெழுதிப் பதில் சொல்ல வேண்டும் என்பதால் அதை எடுக்க அவர் தயங்குவார். பத்துப் பேர் சூழ்ந்து கத்தினால் அவர் ஸ்டேஷனோடு பேசவே முடியாது. கேட்டை நீங்களாகத் திறந்தால் ரயில்வே சட்டம் 160-ஆவது பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, உடைத்தால் ஐந்தாண்டு வரை.

நிரந்தரத் தீர்வு மேம்பாலம் அல்லது சுரங்கப்பாதைதான். அதற்கு அடிப்படை ஒரு கணக்கு: 24 மணி நேரத்தில் கடக்கும் வண்டிகளின் எண்ணிக்கையைச் சாலை வாகன அலகுகளால் பெருக்குவார்கள். கார், லாரி, மாட்டுவண்டி ஒவ்வொன்றும் ஓர் அலகு. பெருக்கிய தொகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் மேம்பாலத்துக்குத் தகுதி. ஸ்ரீசிட்டி தொழிற்சாலைப் பேருந்துகள் ஷிஃப்டு மாறும் நேரத்தில் உங்கள் பக்கம் வருகின்றனவா? வந்தால் கணக்கெடுப்பில் அவை விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். செலவைப் பொதுவாக ரயில்வேயும் மாநில அரசும் பாதிப் பாதியாகப் பகிர்கின்றன. இங்கேதான் எனக்கு ஆத்திரம் வருகிறது. தண்டவாளத்துக்கு மேலே ரயில்வே பாலத்தைக் கட்டிவிடும். இரு பக்கமும் ஏறும் சாலைக்கு நிலம் எடுக்காமல் அது ஆண்டுக்கணக்கில் அந்தரத்தில் நிற்கும். இவர் அவரைக் கை காட்டுவார், அவர் இவரை. அந்த இடைவெளியில்தான் வசூல்காரர்கள் பிழைக்கிறார்கள்.

‘எல்லைக்கு அந்தப் பக்கம் விஜயவாடா அலுவலகம், அங்கே எனக்கு ஆள் இருக்கிறது’ என்றும் உங்கள் வசூல்காரர் சொல்வார். நம்பாதீர்கள். சூளூர்ப்பேட்டை, நாயுடுப்பேட்டை வரை ஆந்திர மண்ணிலும் பாதை ரயில்வேயின் சென்னைக் கோட்டத்தின் கையில்தான் இருக்கிறது. சாலை மட்டுமே மாநிலத்துக்கு மாநிலம் மாறும். உங்கள் பக்கத்துக்குத் திருவள்ளூர் ஆட்சியர், தடா பக்கத்துக்குத் திருப்பதி ஆட்சியர்.

கேட்டருகே பலகையில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சென்னைக் கோட்ட மேலாளர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் தபால் ஆணையோடு, தகவல் உரிமைச் சட்டத்தில் இரண்டே கேள்வி அனுப்புங்கள்: கடைசி வாகனக் கணக்கெடுப்பு எப்போது நடந்தது, தொகை எவ்வளவு? இந்தக் கேட்டுக்குப் பாலமோ சுரங்கப்பாதையோ திட்டத்தில் இருக்கிறதா? முப்பது நாளில் பதில் தர வேண்டும். அந்தப் பதிலை இணைத்து ஆட்சியருக்கு ஊர் மனு கொடுங்கள். சுரங்கப்பாதைக்குச் சம்மதிக்கும் முன், மழைக்காலத்தில் தண்ணீர் எங்கே வடியும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முழங்கால் தண்ணீரில் எந்த ஆட்டோவும் போகாது.