செப்டிக் டேங்க் நீரைச் சொட்டுநீராகத் தென்னைக்கு விடலாமா?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை அருகே 70 பெண்கள் தங்கும் விடுதி நடத்துகிறேன். பின்புறம் 4 ஏக்கர் தென்னந்தோப்பு. கோடையில் போர்வெல் வற்றிவிடுகிறது. பொள்ளாச்சியில் என் மைத்துனர் தன் ஆலைக் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தென்னைக்குப் பாய்ச்சுகிறார். அதைப் பார்த்து நானும் செப்டிக் டேங்கிலிருந்து வழியும் நீரையும் சமையலறை நீரையும் ஒரு தொட்டியில் சேர்த்து, ஒரு ஃபில்டர் வைத்து, சொட்டுநீர்க் குழாயில் தோப்புக்கு விட்டேன். நீர் போதாதபோது அதே மெயின் பைப்பில் போர்வெல் வால்வைத் திறந்துவிடுவேன். "மண்ணுக்கு அடியில்தானே போகிறது, அனுமதி தேவையில்லை" என்று குழாய் விற்றவர் சொன்னார். மூன்று மாதம் கழித்து, பக்கத்துத் தோட்டத்து அம்மா தன் கிணற்று நீர் நாறுகிறது என்று புகார் கொடுத்திருக்கிறார். 7 நாட்களுக்குள் நிறுத்தி விளக்கம் தரும்படி ஊராட்சிச் செயலாளர் மலையாளத்தில் நோட்டீஸ் அனுப்பியுள்ளார். நான் செய்தது குற்றமா?

பதில்: இதைப் படித்து முடித்ததும் முதலில் போய் மோட்டாரை நிறுத்துங்கள். போர்வெல்லையும் கழிவுநீர்க் குழாயையும் இணைக்கும் அந்த வால்வைக் கழற்றி, இரண்டு முனைகளையும் மூடிவிடுங்கள். மின்சாரம் நின்று அழுத்தம் குறையும் ஒரு நிமிடம் போதும், கழிவுநீர் பின்வாங்கிப் போர்வெல்லுக்குள் இறங்கிவிடும். உங்கள் விடுதியில் 70 பெண்கள் குடிப்பதும் அந்த நீரைத்தானே? சட்டம் இருக்கட்டும், இது இன்றே செய்ய வேண்டியது.

இனி சட்டம். குழாய் விற்றவர் சொன்னது தவறு. 1974-ஆம் ஆண்டின் நீர் (மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டத்தின் 25-ஆவது பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். ஓடையிலோ கிணற்றிலோ சாக்கடையிலோ நிலத்திலோ கழிவுநீரை வெளியேற்றக்கூடிய எந்தச் சுத்திகரிப்பு, வெளியேற்ற அமைப்பையும் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் முன் இசைவு இல்லாமல் நிறுவவோ இயக்கவோ கூடாது என்கிறது அது. 'நிலத்தில்' என்ற ஒரு சொல்லில்தான் உங்கள் வழக்கு நிற்கிறது. வாய்க்காலாக விட்டாலும் சொட்டாக விட்டாலும் அது நிலத்தில் வெளியேற்றுவதுதான். சொட்டுநீருக்கென்று சட்டத்தில் விலக்கு எதுவும் இல்லை.

மைத்துனரிடம் அனுமதிக் காகிதம் இருந்தாலும் அது உங்களுக்கு உதவாது. சட்டம் மத்தியச் சட்டம், இரு மாநிலத்துக்கும் ஒன்றுதான். ஆனால் கோபாலபுரம் எல்லையைத் தாண்டியதும் வாரியம் மாறிவிடுகிறது. உங்கள் நீர் விழும் மண் கேரளத்தில் இருப்பதால், கேரள மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பாலக்காடு மாவட்ட அலுவலகமே உங்களுக்குரியது. இசைவு இரண்டு கட்டமாக வரும். நிறுவுவதற்கு ஒன்று, கட்டி முடித்தபின் இயக்குவதற்கு ஒன்று. இணையவழியே விண்ணப்பிக்கலாம். நான்கு மாதத்துக்குள் வாரியம் தரவும் மறுக்கவும் இல்லையென்றால் இசைவு தந்ததாகவே கருதலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. அதை நம்பி மோட்டாரைப் போட்டுவிடாதீர்கள். ஒரு வரைபடம் குறைந்தாலும் விண்ணப்பம் முழுமையற்றது என்று பதில் வரும், நான்கு மாதக் கணக்கும் தொடங்காது.

பாசனத்துக்காக நிலத்தில் விடும் நீருக்குச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள், 1986-இன் ஆறாவது அட்டவணை பொதுவான எல்லையை வகுத்திருக்கிறது. நீரிலுள்ள கரிம அழுக்கைக் காட்டும் அளவான பி.ஓ.டி. (உயிர்வேதி ஆக்சிஜன் தேவை) லிட்டருக்கு 100 மில்லிகிராம், மிதக்கும் திடப்பொருள் 200, எண்ணெயும் கிரீஸும் 10, பி.எச். 5.5 முதல் 9 வரை. வாரியம் தன் இசைவாணையில் இதைவிடக் கடுமையான எண்களை விதிக்கலாம். அப்படி விதித்தால் அந்த எண்களே உங்களைக் கட்டுப்படுத்தும். செப்டிக் டேங்கிலிருந்து வழியும் நீரின் பி.ஓ.டி. பெரும்பாலும் 100-க்குள் நிற்காது. அதோடு சமையலறை எண்ணெயையும் கலந்திருக்கிறீர்கள். அந்த நீரில் டிரிப்பர் எத்தனை நாள் சொட்டும்? மூன்று மாதமாகத் தோப்பில் பல டிரிப்பர்கள் அடைத்துக்கொண்டிருக்கும். அடைபடாத இடத்தில் நீர் பீறிட்டுத் தேங்கியிருக்கும். பக்கத்துக் கிணற்றோரத்தில் அப்படி ஓர் இடம் இருக்கிறதா என்று நடந்து பாருங்கள்.

வாரியத்துக்குப் போகும் வரைபடத்தில் என்ன இருக்க வேண்டும்? சமையலறை நீருக்குத் தனியாக எண்ணெய்ப் பிரிப்புத் தொட்டி, செப்டிக் டேங்குக்குப் பின் காற்றூட்டும் சுத்திகரிப்பு, கிருமி நீக்கம், மணல் ஃபில்டர், அதன்பின் டிஸ்க் ஃபில்டர், நீரளவு மீட்டர், குழாய்களைக் கழுவிவிட ஒவ்வொரு வரிசையின் கடைசியிலும் வால்வு. போர்வெல்லோடு எங்கும் இணைப்பு இருக்கக்கூடாது. கணக்கும் சொல்கிறேன். ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கொண்டு, அதில் 80 விழுக்காடு கழிவாகிறது என்றால் 70 பேருக்குச் சுமார் 7,500 லிட்டர். கோடையில் ஒரு தென்னைக்கு 50 லிட்டர் என்று வைத்தால் 150 மரங்களுக்குப் போதும். நாலு ஏக்கரில் உங்களுக்கு அதைவிட அதிக மரங்கள் இருக்கும். ஆகவே கோடையில் கழிவுநீர் முழுதும் தோப்பிலேயே செலவாகிவிடும், கவலையில்லை. ஜூன், ஜூலையில் மண் நனைந்து கிடக்கும்போது அதே 7,500 லிட்டர் நாள் தவறாமல் வருமே, அது எங்கே போகும்? ஆய்வுக்கு வரும் பொறியாளர் இதைக் கேட்காமல் போகமாட்டார். சேமிப்புத் தொட்டியின் கொள்ளளவை இந்தக் கேள்விக்குப் பதிலாக வையுங்கள்.

தொட்டி இருக்கும் இடத்தையும் அளந்து பாருங்கள். குடிநீர்க் கிணற்றிலிருந்து 7.5 மீட்டருக்குள்ளும் எல்லைக் கோட்டிலிருந்து 1.2 மீட்டருக்குள்ளும் செப்டிக் டேங்க், உறிஞ்சுகுழி போன்றவை கூடாது என்கின்றன கேரள ஊராட்சிக் கட்டட விதிகள், 2019. அந்த அம்மாவின் கிணற்றுக்கும் இந்த அளவு பொருந்தும்.

உங்கள் பகுதியில் இந்த விஷயத்தில் அதிகாரிகள் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. உங்கள் சித்தூர் வட்டத்திலேயே பெருமாட்டி ஊராட்சியில் இருக்கிறது பிளாச்சிமடை. அங்கே இயங்கிய குளிர்பான ஆலையின் கசடு உழவர்களுக்கு உரமென்று கொடுக்கப்பட்டது. அதில் ஈயமும் காட்மியமும் இருப்பது 2003-இல் வெளிப்பட்டது. மறு ஆண்டே ஆலை நின்றது. 'கழிவைப் பயிருக்குத்தானே விடுகிறேன்' என்ற சொல்லை அந்த மண்ணில் யாரும் எளிதில் நம்பமாட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

நோட்டீஸுக்கு 7 நாட்களுக்குள் எழுத்தில் பதில் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். நிறுத்திய தேதி, வால்வைக் கழற்றிய புகைப்படம், இசைவுக்கு விண்ணப்பிக்கப் போகும் விவரம் ஆகியவை போதும். செய்யவே இல்லை என்று மறுக்காதீர்கள், குழாய் தோப்பில் கிடக்கிறது. பதிலைத் தமிழிலேயே எழுதலாம். குறைதீர்க்கக் கோரும் மனுவை நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் தரலாம் என்கிறது அரசியலமைப்பின் 350-ஆவது பிரிவு. தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தமிழில் கடிதம் எழுதவும் தமிழில் பதில் பெறவும் 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் வழி செய்திருக்கிறது. நோட்டீஸின் தமிழ் நகலையும் அதே பதிலில் கேளுங்கள்.

வாரியத்தினர் மாதிரி எடுக்க வந்தால் தடுக்காதீர்கள், உடன் நில்லுங்கள். நீர்ச் சட்டத்தின் 21-ஆவது பிரிவின்படி உங்களுக்கு அறிவிப்புக் கொடுத்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். இரண்டாவது பகுதியையும் சட்டப்படியான ஆய்வகத்துக்கு அனுப்பும்படி அங்கேயே கேளுங்கள். இந்த முறை பின்பற்றப்படாத மாதிரியின் முடிவு நீதிமன்றத்தில் சான்றாகாது. வாரியம் இசைவை மறுத்தால் 28-ஆவது பிரிவின்படி 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். நிறுத்தாமல் தொடர்ந்தாலோ, 33-ஏ பிரிவின்படி விடுதியை மூடவும் மின்சாரத்தைத் துண்டிக்கவும் வாரியம் உத்தரவிட முடியும்.

பதிலைக் கொடுத்த கையோடு அந்த அம்மாவைப் போய்ப் பாருங்கள். அவர் கிணற்று நீரை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் உங்கள் செலவில் சோதிக்கத் தயார் என்றும், முடிவு வரும்வரை குடிநீர் லாரி அனுப்புவதாகவும் சொல்லுங்கள். அதைக் கடிதமாகவும் கொடுங்கள். 'என் பொறுப்பை இதனால் ஒப்புக்கொள்ளவில்லை' என்ற ஒரு வரியை அதில் சேர்த்தால் பின்னாளில் அது உங்களுக்கு எதிராகத் திரும்பும் வாய்ப்பு குறையும். குடிக்கத் தண்ணீர் இல்லாமல் இருப்பது அவர்தான், லாரியை நாளை காலையே அனுப்பிவிடுங்கள்.