சரளைப் பாதைக்கு சைக்கிளா? முதலில் டயருக்கு எவ்வளவு இடம் என்று பாருங்கள்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றியவை: மோட்டார் வண்டி நுழையாத காட்டுப் பாதைகளிலும், குட்டைப்புதர் வெளிகளைக் கடக்கும் சரளைப் பாதைகளிலும் ஓட்ட எந்த சைக்கிள் வாங்கலாம், அதற்கு எதில் காசு போடலாம்?

கேள்வி: வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பஸ், லாரிகளுக்கு நடுவே ஓட்டிச் சலித்துவிட்டேன். இனி காட்டுப் பாதை, மண் பாதை மட்டும்தான் என்று முடிவு செய்திருக்கிறேன். கடையில் கேட்டால் கிராவல் பைக், அதாவது சரளைப் பாதைக்கென்று செய்த வளைந்த ஹேண்டில்பார் சைக்கிள், வாங்கச் சொல்கிறார்கள். வீட்டில் பழைய எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்) ஒன்று சும்மா நிற்கிறது. புதிது வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: வேண்டாம், இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். அந்தப் பழைய வண்டியின் பிரேக்கும் பேரிங்குகளும் சரியாக இருந்தால் செலவு டயரோடு முடிந்துவிடும். பெரிய பட்டன் டயரைக் கழற்றிவிட்டு, நடுவில் வழவழப்பாகவும் ஓரங்களில் மட்டும் சிறு பட்டன்களோடும் இருக்கும் டயரைப் போடுங்கள். இறுகிய சரளையில் வண்டி எவ்வளவு லேசாக ஓடுகிறது என்பது முதல் நாளே தெரிந்துவிடும்.

டயர் வாங்கும்போது அதன் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். 50-559 என்றிருந்தால் அகலம் 50 மி.மீ., ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 559 மி.மீ. பழைய 26 அங்குல எம்டிபிக்கு அந்த 559 தான் பொருந்தும். கிராவல் பைக்குகளில் 622 அல்லது 584 வரும். அங்குலக் கணக்கு சொல்லிக் கேட்டால் வேறு அளவு கைக்கு வந்துவிடலாம். பின்னால் இருக்கும் மூன்று இலக்க எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

சில மாதம் ஓட்டியபின் மூன்று நான்கு மணி நேரப் பயணம் வழக்கமாகி, மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்தால் அப்போது கிராவல் பைக்கை யோசிக்கலாம். வளைந்த ஹேண்டில்பாரில் கையை இடம் மாற்றி மாற்றி வைக்க முடியும். குட்டைப்புதர் வெளியில் காற்றைத் தடுக்க மரம் இருக்காது. எதிர்காற்றில் கொஞ்சம் குனிந்து ஓட்ட முடிவது அங்கே பெரிய உதவி.

கேள்வி: ஒரே விலையில் இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று கார்பன் ஃபிரேம், 40 மி.மீ. டயர் வரைதான் போகும். இன்னொன்று அலுமினியம், 50 மி.மீ. வரை போகும். நண்பர்கள் எல்லோரும் கார்பனைத்தான் எடுக்கச் சொல்கிறார்கள். நான் போகும் பாதையில் பாதி காட்டுச் சரளை, மீதி மணல்.

பதில்: அலுமினியத்தையே எடுங்கள். உங்கள் கேள்வியின் கடைசி வார்த்தையிலேயே பதில் இருக்கிறது.

ஹீத்லேண்ட் எனப்படும் குட்டைப்புதர் வெளி பெரும்பாலும் மணற்பாங்கான, சத்துக் குறைந்த மண். மழை பெய்த மறுநாள் இறுகிக் கிடக்கும் அதே பாதை, நாலு வாரம் வெயில் அடித்தால் இளகிப்போய்விடும். இளகிய மணலில் ஃபிரேம் எதனால் ஆனது என்பதற்கு மதிப்பே இல்லை. டயர் தரையில் எவ்வளவு பரப்பில் படுகிறது என்பதுதான் கணக்கு. அந்தப் பரப்பைத் தீர்மானிப்பது காற்றழுத்தம். அழுத்தம் குறைந்தால் பரப்பு கூடும், மணலில் புதைவது குறையும். ஆனால் ஒடுக்கமான டயரில் அழுத்தத்தைக் குறைத்தால் கல்லில் ரிம் இடிக்கும். அகலமான டயரில்தான் தைரியமாகக் குறைக்கலாம். உங்கள் எடை 75 கிலோ சுமார் என்றால், 45 மி.மீ. ட்யூப்லெஸ் டயரில் பின்னால் 30, முன்னால் 27 பி.எஸ்.ஐ. வைத்துத் தொடங்குங்கள். பிறகு ஒவ்வொன்றாகக் கூட்டிக் குறைத்து உங்கள் பாதைக்கு ஏற்ற அளவைக் கண்டுபிடியுங்கள். சின்னதாக ஒரு டிஜிட்டல் காற்றழுத்தமானி வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே சொல்லும் எல்லாவற்றிலும் மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பலன் தரும் பொருள் அது. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து 27-க்கும் 35-க்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க யாராலும் முடியாது.

40 வரை போகும் ஃபிரேமில் 40 போட்டுவிட்டால் சேறு ஒதுங்க இடமில்லை. டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே இரண்டு பக்கமும் ஐந்தாறு மி.மீ. விட்டாக வேண்டும். கம்பெனி சொல்லும் அளவு அந்த இடைவெளியைக் கழித்த பிறகா, கழிக்கும் முன்பா என்று கேளுங்கள். அகலமான ரிம்மில் ஏற்றினால் அதே டயர் ஒன்றிரண்டு மி.மீ. விரியும் என்பதையும் கணக்கில் வையுங்கள். முடிந்தால் கடையிலேயே ஸ்கேல் வைத்துப் பாருங்கள், முக்கியமாகப் பின்சக்கரத்துக்கும் பெடல் அச்சுக்கும் நடுவில் இருக்கும் செயின்ஸ்டே பகுதியில்.

சில ஃபிரேம்கள் 700சி, 650பி என்று இரண்டு சக்கர அளவையும் ஏற்கும். 650பி ரிம்மின் விட்டம் 584 மி.மீ. அதில் 47 மி.மீ. டயர் போட்டால் மொத்த உயரம் 678 மி.மீ. 700சி ரிம்மில் (விட்டம் 622 மி.மீ.) 28 மி.மீ. டயர் போட்டாலும் அதே 678 தான். உயரம் மாறாமல் அகலம் மட்டும் கிடைக்கும் வழி இது. பிறகு இன்னொரு ஜோடி சக்கரம் வாங்கும் எண்ணமிருந்தால் இதையும் விசாரித்து வையுங்கள்.

கார்பன் கெட்டது என்று நான் சொல்லவில்லை. இரண்டு ஃபிரேமுக்கும் அரைக் கிலோ சுற்றித்தான் எடை வித்தியாசம் இருக்கும். மணலில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகும்போது அந்த அரைக் கிலோ உங்களுக்கு ஒன்றும் செய்யாது.

கேள்வி: 'ட்யூப்லெஸ் ரெடி' என்று சொல்லித்தான் விற்றார்கள். வீட்டுக்கு வந்து பஞ்சர் ஆனபோது கழற்றினால் உள்ளே ட்யூப் இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: ஏமாற்று என்று சொல்ல முடியாது. ஆனால் விற்கும்போதே விளக்கியிருக்க வேண்டும். 'ரெடி' என்றால் ரிம்மும் டயரும் ட்யூப் இல்லாமல் ஓடத் தகுந்தவை, அவ்வளவுதான். அதற்கான டேப், வால்வு, சீலண்ட் (துளையை அடைக்கும் திரவம்) மூன்றும் பெரும்பாலும் தனியாகத்தான் வரும். இனி வாங்குகிறவர்கள் இந்த மூன்றும் விலையில் சேர்த்தியா, மாட்டித் தருவார்களா என்று பில் போடும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

செலவு செய்து மாற்றலாமா என்றால், உங்கள் பாதையில் முட்புதர் இருந்தால் கட்டாயம் மாற்றுங்கள். கோர்ஸ் புதரின் முள் ட்யூபைத் துளைத்துவிடும். அதே முள் ட்யூப்லெஸ் டயரில் ஏறினால் உள்ளிருக்கும் சீலண்ட் துளையை அடைத்துவிடும், நீங்கள் இறங்காமலே போய்க்கொண்டிருப்பீர்கள். கல் கிழித்த பெரிய ஓட்டைக்கு ரப்பர் செருகி வேண்டும். அதோடு ஒரு ட்யூபும் பையில் இருக்கட்டும். சீலண்ட் காய்ந்துவிடும் பொருள், வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வால்வைத் திறந்து பார்த்து ஊற்றுங்கள்.

ஓர் எச்சரிக்கை. ரிம் 'ஹூக்லெஸ்' வகையா, அதாவது டயரைப் பிடிக்கும் கொக்கி விளிம்பு இல்லாததா, என்று பாருங்கள். அப்படியென்றால் அதற்கென்று அனுமதித்த ட்யூப்லெஸ் டயர் மட்டுமே போட வேண்டும், அழுத்தம் 5 பார், அதாவது சுமார் 72 பி.எஸ்.ஐ. தாண்டக் கூடாது. சரளையில் அதில் பாதிகூட வேண்டியதில்லை. ஆனால் அதே சக்கரத்தில் பழைய ரோடு டயரை மாட்டி அழுத்தமாகக் காற்றடித்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்று தெறிக்கலாம். அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

கேள்வி: முன்னால் ஒரே பல்சக்கரம் போதுமா, இரண்டு வேண்டுமா?

பதில்: ஏற்றம் எவ்வளவு என்பதைப் பொறுத்தது. முன்னால் 40 பல், பின்னால் பெரியது 42 பல் என்றால், 40 மி.மீ. டயரில் ஒரு பெடல் சுற்றுக்கு வண்டி சுமார் 2.1 மீட்டர் நகரும். இரட்டைச் சக்கரத்தில் 30-க்கு 34 என்றால் 1.9 மீட்டர். இந்த எண் சிறியதாக இருந்தால் ஏற்றத்தில் முழங்கால் பிழைக்கும். கடைக்காரரிடம் இந்தக் கணக்கையே கேளுங்கள், 'எத்தனை கியர்' என்று கேட்பதில் பயனில்லை. மணலும் சேறும் உள்ள பாதையில் ஒற்றைச் சக்கரத்தில் தொல்லை குறைவு. எதை எடுத்தாலும் பின் டிரெய்லியர் (கியர் மாற்ற செயினை நகர்த்தும் பாகம்) கிளட்ச் உள்ளதாக இருக்கட்டும், குலுங்கும் இடத்தில் செயின் எளிதில் கழலாது.

கேள்வி: என் உயரம் 1.62 மீட்டர். ஆன்லைனில் பார்த்தால் எஸ், எம் இரண்டுக்குமே நான் பொருந்துகிறேன். எதை எடுக்க?

பதில்: எஸ், எம் என்ற எழுத்தை நம்ப வேண்டாம், ஒவ்வொரு கம்பெனியிலும் அது ஒவ்வொரு அளவு. 'ஸ்டாக்', 'ரீச்' என்ற இரண்டு அளவை எடுத்துக்கொள்ளுங்கள். பெடல் அச்சிலிருந்து ஹெட் ட்யூபின் (ஃபிரேமின் முன்னால் ஃபோர்க் நுழையும் குழாய்) மேல் விளிம்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பதை அவை சொல்லும். இப்போது வசதியாக ஓட்டும் வளைந்த ஹேண்டில்பார் வண்டி ஒன்று இருந்தால் அதன் எண்களோடு ஒப்பிடுங்கள். சந்தேகம் தீரவில்லையென்றால் சிறியதை எடுங்கள். சீட்டை உயர்த்தலாம், ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்மை மாற்றி ஒன்றிரண்டு செ.மீ. நீட்டலாம். பெரிய ஃபிரேமைக் குறுக்க வழியே இல்லை. சிறிய அளவில் ஒரு தொல்லை வரலாம்: மெதுவாகத் திருப்பும்போது ஷூ நுனி முன்சக்கரத்தில் உரசும். ஓட்டிப் பார்க்கும்போது எட்டு போட்டுப் பாருங்கள்.

கேள்வி: பாதையில் இருந்த திட்டிலிருந்து குதித்து இறங்கினேன், ஃபோர்க் விரிசல் விட்டது. எட்டு மாத வண்டி. வாரண்டி கிடையாது என்கிறார்கள். நியாயமா?

பதில்: வண்டியோடு வந்த கையேட்டைத் தேடி எடுங்கள். அதில் பயன்பாட்டு வகை என்று ஓர் எண் இருக்கும். அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் எஃப்2043 தரத்தை ஒட்டி பல கம்பெனிகள் போடும் எண் அது. வகை 1 தார்ச் சாலை. வகை 2 மண், சரளைப் பாதை, 15 செ.மீ. வரை இறக்கம். வகை 3-ல் 61 செ.மீ. வரை. கிராவல் பைக் பெரும்பாலும் வகை 2. நீங்கள் குதித்த திட்டு முழங்கால் உயரம் என்றால் வாரண்டியில் வாதாட இடம் குறைவு. 15 செ.மீ. உயரத்துக்குள் என்றால் விடாதீர்கள். விரிசல், திட்டு இரண்டின் படமும் வாங்கிய பில்லும் வைத்து எழுத்தில் புகார் கொடுங்கள், மறுப்பதானால் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். வாரண்டி இல்லாவிட்டாலும் முதல் உரிமையாளருக்குத் தள்ளுபடியில் மாற்று ஃபோர்க் தரும் கம்பெனிகள் உண்டு, அதையும் கேளுங்கள். எந்தப் பதில் வந்தாலும் அந்த ஃபோர்க்கோடு இனி ஒரு அடிகூட ஓட்டாதீர்கள்.

கேள்வி: டயர்தான் இவ்வளவு அகலமாயிற்றே, பாதையை விட்டு விலகிப் புதர்வெளிக்குள் ஓட்டலாமா?

பதில்: கூடாது. இந்தப் புதர்வெளிகளில் வாழும் பக்கிப் பறவை கூடே கட்டாமல் வெறும் தரையில்தான் முட்டையிடும், பக்கத்தில் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் போன்ற இடங்களில் குறியிட்ட பாதைகளை விட்டு சைக்கிள் விலகவே அனுமதி இல்லை.

கேள்வி: பழைய கிராவல் பைக் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்க?

பதில்: மணலில் ஓடிய வண்டி முதலில் செயினில் காட்டிக்கொடுக்கும். ஸ்கேலைச் செயினில் ஒரு பின்னின் (இணைப்பு ஊசியின்) நடுவில் வைத்து அதற்கு அடுத்ததிலிருந்து எண்ணினால் 24-ஆவது பின் சரியாக 12 அங்குலத்தில் வர வேண்டும். ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளியிருந்தால் செயின் முடிந்தது. அதற்கு மேல் என்றால் பின் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும், இரண்டின் விலையையும் கேட்ட தொகையில் கழியுங்கள். பிறகு முன் பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள், 'டக் டக்' என்றால் ஹேண்டில்பார் திரும்பும் இடத்தில் உள்ள ஹெட்செட் பேரிங் தளர்ந்தோ தேய்ந்தோ இருக்கிறது. கார்பன் ஃபிரேம் என்றால் துடைத்துவிட்டு நல்ல வெளிச்சத்தில் அடிப்பகுதியைப் பாருங்கள், கல் அடிபடும் இடம் அதுதான். பெடல் அச்சுக்கு அடியில் உள்ள சீரியல் எண் பில்லில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். சுரண்டியிருந்தால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். வாரண்டி பெரும்பாலும் முதல் உரிமையாளரோடு முடிந்துவிடும், ஆகவே அதைச் சொல்லி விலை ஏற்றினால் ஒப்புக்கொள்ள வேண்டாம். பின் டிரெய்லியரைத் தாங்கும் ஹேங்கர் என்ன மாடல் என்று கேட்டு, உபரியாக ஒன்று கிடைக்கிறதா என்று வாங்கும் முன்பே விசாரியுங்கள். வண்டி சாய்ந்தால் முதலில் வளைவது அதுதான். சில பழைய மாடல்களுக்கு அது கிடைப்பதே இல்லை.