இலவசமாகக் கொடுத்தும் லாபம் பார்க்க முடியுமா?

கேள்வி: பிரிட்டனின் 'என்.எம்.இ.' (நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்) இசைப் பத்திரிகையைக் கடைசியில் இலவசமாகவே கொடுத்தார்களாமே? பிறகு வருமானம் எங்கிருந்து வந்தது?
– இதழியல் மாணவி, திருச்சி

பதில்: விளம்பரத்திலிருந்துதான். விலை போட்டு விற்ற காலத்திலும் விளம்பரம்தான் பெரிய பலம். 1952-ல் பத்திரிகை தொடங்கியபோது விளம்பரத்தைக் கவனித்தவர் பெர்ஸி டிக்கின்ஸ். அவர் சுமார் 20 இசைத்தட்டுக் கடைகளுக்குப் போன் போட்டு, எந்தத் தட்டு அதிகம் விற்கிறது என்று விசாரித்து ஒரு பட்டியல் தயாரித்தார். நவம்பர் 14 இதழில் வெளியான அதுதான் பிரிட்டனின் முதல் சிங்கிள்ஸ் (தனிப்பாடல் இசைத்தட்டு) விற்பனைப் பட்டியல். மொத்தம் 12 இடங்கள். சில இடங்களில் சமநிலை ஏற்பட்டதால் 15 பாடல்கள். தனக்குப் பிடித்த பாட்டு எத்தனையாவது இடம் என்று பார்க்க வாசகர் வாரந்தோறும் வாங்கினார். அதே வாசகர்தான் நாளை கடைக்குப் போய்த் தட்டு வாங்குபவர் என்பதால் இசைத்தட்டு நிறுவனங்கள் விளம்பரம் கொடுத்தன. பீட்டில்ஸ் இசைக்குழுவின் அலை வீசிய 1964-ல் விற்பனை 3 லட்சத்தைத் தாண்டியது.

இணையம் வந்ததும் பட்டியல், செய்தி, கச்சேரி அறிவிப்பு எல்லாமே செல்போனில் சும்மா கிடைத்தன. விற்பனை சுமார் 15,000 பிரதிகளுக்கு இறங்கியது. 2015 செப்டம்பர் 18 முதல் ரயில் நிலையங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் கடைகளிலும் இலவசமாகக் கொடுத்தார்கள். பிரதிகள் மறுபடி 3 லட்சத்துக்கு மேல் போயின. பிரதி கூடினால் விளம்பரக் கட்டணத்தையும் கூட்டிக் கேட்கலாம் என்பதுதான் கணக்கு.

கணக்கு இடித்த இடம் வேறு. ஒவ்வொரு வாரமும் 3 லட்சம் பிரதிக்குக் காகிதம், அச்சு, லாரி வாடகை. விற்பனைப் பணம் பூஜ்யம். விளம்பரம் கொஞ்சம் சறுக்கினாலும் தாங்கிப் பிடிக்க விற்பனை வருமானம் இல்லை. தேடி வந்து காசு கொடுத்து வாங்கும் 15,000 பேரை விட்டுவிட்டு, போகிற போக்கில் எடுத்துப் புரட்டுகிறவர்களை நம்பியது பெரிய பிழை என்பதே நம் கருத்து. 2018 மார்ச் 9-ல் வார இதழ் நின்றது. 2023-ல் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை வரும் இதழாக அச்சுக்குத் திரும்பியது.

கேள்வி: பிரிட்டனின் 'மோஜோ' போன்ற இசை மாத இதழோடு சி.டி. இலவசமாகத் தருகிறார்களே, கட்டுப்படியாகுமா?
– வாசகர், கோவை

பதில்: கவனமாகச் செய்தால் ஆகும். புதுப் பாடகரை அறிமுகப்படுத்த விரும்பும் நிறுவனம் ஒலிப்பதிவைச் சலுகையாகத் தரும். ஆனால் பாடலை எழுதியவர், இசையமைத்தவர் பங்கு தனி. அதை விற்ற பிரதிக்கு அல்ல, அச்சடித்த சி.டி. எண்ணிக்கைக்குத்தான் கட்ட வேண்டும். கடையில் விற்காமல் திரும்பும் பிரதிகளுக்கும் இந்தச் செலவு உண்டு. அளவுக்கு மீறி அச்சடித்தால் அங்கேதான் கை சுடும்.

கேள்வி: 2020-ல் நின்றுபோன பிரிட்டனின் 'க்யூ' இசை இதழின் சந்தாதாரர் பிரதியில் அட்டை வேறு மாதிரி இருந்ததாமே, ஏன்?
– வாசகி, சேலம்

பதில்: கடைப் பிரதியின் அட்டையில் தலைப்புகள் நெருக்கியடித்து நிற்பது, அலமாரி முன் நிற்பவரைச் சில நொடிகளில் இழுக்க. சந்தாதாரர் முன்பே பணம் கட்டிவிட்டார். அவரை இழுக்க வேண்டியதில்லை. அதனால் அவருக்குப் படம் மட்டும் பெரிதாக, சேர்த்து வைக்கத் தோன்றும்படி. முன்பணம், திரும்பி வராத பிரதி இரண்டும் சந்தாவில் கிடைப்பதால் இந்தத் தனி அட்டைச் செலவு வீண் இல்லை.